டிடி ஊசிக்கு வழி திறந்தவர், நோபல் கிடைக்காதவர்: யார் இந்த கிடாசாட்டோ?

காலில் ஆணி குத்தினால் வீட்டில் முதலில் கேட்பது, டிடி ஊசி போட்டாச்சா என்றுதான். அந்த ஊசிக்கு அடிப்படையான ஆராய்ச்சியைச் செய்தவர்களில் முக்கியமானவர் ஜப்பான் விஞ்ஞானி ஷிபாசாபுரோ கிடாசாட்டோ. 2024 ஜூலையில் ஜப்பான் வெளியிட்ட புதிய 1,000 யென் நோட்டில் இருப்பது இவர் முகம்தான். ஆனால், இவருக்கும் பங்கிருந்த கண்டுபிடிப்புக்கான நோபல் பரிசு இன்னொருவருக்குப் போனது. என்ன நடந்தது?

மலைக் கிராமத்திலிருந்து பெர்லினுக்கு

1853-ல் ஜப்பானின் கியூஷு தீவில் ஒகுனி என்ற ஊரில் பிறந்தார். குமமோட்டோவில் டச்சு டாக்டர் ஒருவரிடம் மருத்துவம் பயின்றார். பிறகு டோக்கியோவில் படித்து 1883-ல் டாக்டரானார். அரசு அவரை ஜெர்மனிக்கு அனுப்ப, 1886 முதல் பெர்லினில் ராபர்ட் கோச்சின் ஆய்வகத்தில் வேலை. காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த அதே கோச்தான்.

யாராலும் பிரிக்க முடியாத கிருமி

அப்போது எல்லோரையும் திணறடித்தது ரண ஜன்னி, அதாவது டெட்டனஸ். இதன் கிருமி மண்ணில் இருப்பது 1884-லேயே தெரிந்துவிட்டது. ஆனால், மற்ற கிருமிகளிடமிருந்து அதைப் பிரித்துத் தனியாக வளர்க்க முடியவில்லை. அது தனியாக வளரவே வளராது என்று சில நிபுணர்கள் நம்பினார்கள்.

கிடாசாட்டோ இரண்டு விஷயங்களைக் கவனித்தார். ஒன்று, இந்தக் கிருமியின் வித்துகள் சூட்டைத் தாங்கும். கலவையை 80 டிகிரி செல்சியஸில் சூடாக்கினால் மற்றவை செத்துவிடும், இது மட்டும் மிஞ்சும். இரண்டு, ஆக்சிஜன் இருந்தால் இது வளராது. எனவே, ஹைட்ரஜன் வாயு நிரப்பிய குடுவையில் வளர்த்தார். 1889-ல் ரண ஜன்னிக் கிருமி முதல்முறையாகத் தனியாகக் கையில் கிடைத்தது.

கிருமி இல்லை, விஷம்தான் வில்லன்

இந்தக் கிருமி காயத்தைத் தாண்டிப் பெரிதாகப் பரவுவதில்லை. அப்புறம் எப்படி உடம்பு முழுக்க விறைக்கிறது? கிருமி சுரக்கும் நச்சுதான் காரணம். கிருமிகளை வடிகட்டிவிட்டு அந்தத் திரவத்தை மட்டும் விலங்குகளுக்குச் செலுத்தினாலும் நோய் வந்தது.

தசை இறுகியபின் தளர வேண்டுமென்றால், நரம்புகள் அதற்கு ஒரு பிரேக் போட வேண்டும். அந்த பிரேக்கைத்தான் இந்த நச்சு முடக்குகிறது என்பது பிற்காலத்தில் தெரியவந்தது. தாடை பூட்டிக்கொள்வதும் உடல் வில்லாக வளைவதும் இதனால்தான். இன்னொன்று, துருவால் ரண ஜன்னி வராது. ஆணியில் ஒட்டியிருக்கும் மண்ணில் உள்ள வித்துகள்தான் ஆபத்து.

அடுத்து, சக ஆய்வாளர் எமில் பெஹ்ரிங்குடன் சேர்ந்தார். நச்சை எதிர்க்கப் பழக்கிய முயலின் ரத்த சீரத்தை எலிக்குச் செலுத்தினார்கள். பிறகு நச்சைக் கொடுத்தும் எலி பிழைத்தது. நச்சை முறிக்கும் பொருள் ரத்தத்திலேயே உருவாகிறது என்று 1890 டிசம்பரில் இருவர் பெயரிலும் கட்டுரை வெளியானது. முதல் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களுக்கு ரண ஜன்னி குறைய இந்த சீரம் உதவியது. பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்தும் இதே தத்துவத்தில் உருவானதுதான். டிடி தடுப்பூசி பின்னாளில் வந்தது. வீரியம் நீக்கிய நச்சைக் கொடுத்து, நம் உடம்பையே முறிவுப் பொருளைத் தயாரிக்க வைக்கிறது அது.

பரிசு ஏன் போகவில்லை?

1901-ல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பெஹ்ரிங்குக்கு மட்டும் கிடைத்தது. கிடாசாட்டோவின் பெயரும் பரிந்துரையில் இருந்தது. ஆனால், தொண்டை அடைப்பான் நோய்க்கான சீரத்தைத்தான் பரிசுக் குழு முன்னிறுத்தியது. அதைப் பற்றி பெஹ்ரிங் தனியாகவும் எழுதியிருந்தார். கூட்டுக் கட்டுரையின் சோதனைகள் பெரும்பாலும் ரண ஜன்னி பற்றியவை.

1894-ல் ஹாங்காங்கில் பிளேக் பரவியபோதும் கிட்டத்தட்ட இதே கதை. கிடாசாட்டோவும் அலெக்சாந்தர் எர்சினும் சில நாள் இடைவெளியில் கிருமியைப் பார்த்தார்கள். ஆனால், கிடாசாட்டோவின் மாதிரிகளில் வேறு கிருமி கலந்திருந்ததாகச் சர்ச்சை எழுந்தது. இன்று அந்தக் கிருமிக்கு எர்சினின் பெயர்தான்.

சொந்த ஊரிலும் சிக்கல்

பெரிபெரி நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டதாக டோக்கியோ பல்கலைக்கழகத்தின் ஒகாட்டா அறிவித்திருந்தார். அவர் கிடாசாட்டோவுக்கு வழிகாட்டியாக இருந்தவர். அப்படியிருந்தும் பெர்லினிலிருந்தே அதைத் தவறு என்று எழுதினார் கிடாசாட்டோ. நன்றி கெட்டவர் என்ற பேச்சு கிளம்பியது. பெரிபெரி வைட்டமின் பி1 குறைபாடு என்று பின்னாளில் தெளிவானது. ஆனால், 1892-ல் உலகப் புகழோடு நாடு திரும்பியவருக்கு ஆய்வு செய்ய இடமில்லை. கெய்யோ கல்வி நிறுவனத்தை உருவாக்கிய ஃபுகுசாவா யூகிச்சி கைகொடுக்க, தொற்றுநோய் ஆய்வு நிலையம் பிறந்தது. அங்கே அவரிடம் பயின்ற கியோஷி ஷிகா, 1897-ல் சீதபேதிக் கிருமியைக் கண்டுபிடித்தார்.

1914-ல் அந்த நிலையத்தை அரசு அவரைக் கலக்காமல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் பக்கம் மாற்றியது. கிடாசாட்டோ பதவி விலகினார், கூட வேலை பார்த்தவர்களும் வெளியேறினார்கள். சொந்தப் பணத்தைப் போட்டு கிடாசாட்டோ ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 1917-ல் கெய்யோவின் மருத்துவப் பிரிவுக்கு முதல் தலைவராகி, ஃபுகுசாவாவுக்குப் பட்ட கடனையும் அடைத்தார்.

1931-ல் மறைந்தார். அவர் தொடங்கிய நிறுவனத்திலும் அவர் பெயரிலான பல்கலைக்கழகத்திலும் பணியாற்றிய சதோஷி ஓமுராவுக்கு 2015-ல் மருத்துவ நோபல் கிடைத்தது. மண்ணில் வாழும் பாக்டீரியாவிலிருந்து மருந்து எடுத்ததற்காக!