தூரத்தை வரைந்த ரவி வர்மா

பரளச்சியிலிருந்து அருப்புக்கோட்டைப் பக்கம் போகும்போது ரோட்டைக் கவனித்திருக்கிறீர்களா? பக்கத்தில் நிற்கும் பனைமரத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும். தூரத்துப் பனையோ உங்கள் சுண்டுவிரல் உயரம்தான்! நேரான ரோட்டின் இரண்டு ஓரங்களும் போகப் போக நெருங்கி, ஒரு புள்ளியில் சேர்வது போலத் தெரியும். இந்தத் தூரத்தைத் தட்டையான தாளில் கொண்டுவரும் வித்தைக்குப் பெயர் 'பெர்ஸ்பெக்டிவ்'. அனிமேஷன் படங்களுக்குக் காட்சி வரைபவர்கள் ஆரம்பத்திலேயே பழகுவது இதைத்தான்.

இந்த வித்தையைக் கற்க ராஜா ரவி வர்மா பட்ட பாடு கொஞ்சமல்ல.

1848-ல் கேரளத்தின் கிளிமானூரில் பிறந்தவர் அவர். சின்ன வயதில் கரித்துண்டு கிடைத்தால் போதும், சுவரெல்லாம் யானை, குதிரைதான். தாய்மாமா ராஜ ராஜ வர்மா தஞ்சாவூர் பாணியில் வரைபவர். அந்தப் பாணியில் சாமி பெரிதாக இருப்பார், மற்றவர்கள் சின்னதாக இருப்பார்கள். தூரம் என்ற கணக்கே கிடையாது. (அது குறை இல்லை, அதன் அழகே வேறு!)

14 வயதில் ரவியை மாமா திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்துப் போனார். அங்கே எண்ணெய் வண்ண ஓவியம் தெரிந்தவர் மதுரைக்காரரான ராமசாமி நாயக்கர். இந்தப் பையன் நமக்கே போட்டியாகிவிடுவான் என்று அவர் கற்றுத்தர மறுத்துவிட்டாராம். 1868-ல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் வந்தார். அவருக்கும் சொல்லிக்கொடுக்க மனமில்லை. வரையும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் அனுமதித்தார்.

ரவி பார்த்தார். தூரிகை எப்படிப் போகிறது, எந்த வண்ணத்தின் மேல் எந்த வண்ணம் ஏறுகிறது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று ஒன்றுவிடாமல் பார்த்தார். அரண்மனையிலிருந்த ஐரோப்பிய ஓவியப் புத்தகங்களையும் புரட்டினார். பிறகு தானே வரைந்து, கெடுத்து, மறுபடி வரைந்தார்.

25 வயதில், அதாவது 1873-ல், சென்னைக் கண்காட்சியில் அவருக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டு ஆஸ்திரியா நாட்டின் வியன்னா நகரிலும் பரிசு!

அவர் வரைந்த சகுந்தலையைப் பாருங்கள். காலில் தைத்த முள்ளை எடுப்பது போலத் திரும்பி, துஷ்யந்தனைத் தேடுகிறாள். படத்தில் துஷ்யந்தன் இல்லவே இல்லை. ஆனாலும் அவள் பார்க்கும் பக்கமே நம் கண்ணும் ஓடுகிறது. யாரை எங்கே நிறுத்துவது, எந்தப் பக்கம் பார்க்க வைப்பது என்ற இந்தக் கணக்குக்குத்தான் 'காம்போசிஷன்' என்று பெயர்.

1894-ல் மும்பையில் அச்சகம் தொடங்கினார். சாமி படங்கள் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. அந்த அச்சகத்தில் வேலை பார்த்த தாதாசாகேப் பால்கேதான் 1913-ல் 'ராஜா ஹரிச்சந்திரா' சினிமாவை எடுத்தவர். பிறகு தீக்குச்சிகள் தாமாக ஆடுவது போல ஓர் அனிமேஷன் படமும் எடுத்தார்!

ரவி வர்மாவின் தம்பி பெயரும் ராஜ ராஜ வர்மாதான். அண்ணனைவிட 12 வயது இளையவர். இயற்கைக் காட்சி வரைவதில் கெட்டிக்காரர். அண்ணன் ஆட்களை வரைய, பல படங்களில் பின்னணியைத் தம்பி வரைந்தார். இருவரும் சேர்ந்தே ஊர் ஊராகச் சுற்றினார்கள். 1905-ல் தம்பி இறந்துபோனார். அடுத்த ஆண்டே, 1906 அக்டோபர் 2-ம் தேதி, அண்ணனும் காலமானார்.

திருவனந்தபுரம் போனால் நேப்பியர் மியூசியம் வளாகத்தில் ரவி வர்மாவின் ஓவியங்களைப் பார்க்கலாம். முன்னால் நிற்பவர்களைக் கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள். பின்னால் மங்கலாகத் தெரியும் மலையையும் மரத்தையும் முதலில் பாருங்கள்.