ஹியூ லு கேன்: விரலின் அழுத்தத்தை அறிந்த கருவி

சிந்தசைசரின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் 1964இல் அமெரிக்கரான ராபர்ட் மூக்கிடமிருந்துதான் தொடங்குவார்கள். அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே, 1948இல், கனடாவில் ஓர் இயற்பியலாளர் மின்னழுத்தத்தால் கட்டுப்படுத்தப்படும் சிந்தசைசர் ஒன்றைச் செய்து முடித்திருந்தார். அவர் பெயர் ஹியூ லு கேன். மின்னணு இசைத்துறையினர் நன்கறிந்த பெயர். ஆனால் எண்பதுகளின் சிந்த்-பாப் இசைத்தட்டுகளை விரும்பிக் கேட்கும் பலருக்கும் அது புதிய பெயராகவே இருக்கும்.

லு கேன் 1914 மே 27ஆம் திகதி ஒன்ராறியோ மாகாணத்தின் போர்ட் ஆர்தரில் பிறந்தார். இன்று அந்த ஊர் தண்டர் பே நகரின் ஒரு பகுதி. கிங்ஸ்டனிலுள்ள குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1939இல் முதுகலைப் பட்டம் பெற்றபின் ஒட்டாவாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவருக்குக் கிடைத்த வேலை ரேடார் ஆராய்ச்சி. போர் முடிந்த 1945இல், ஓய்வு நேரத்தில், தன் சொந்தச் செலவில் ஓர் இசைக்கருவியைக் கட்டத் தொடங்கினார். டிராம்போனின் மூதாதையான பழைய ஊதுகருவியின் பெயரைச் சேர்த்து அதை எலெக்ட்ரானிக் சாக்பட் என்று அழைத்தார்.

அந்தக் கருவியின் அருமையை நம் இசை மரபு அறிந்தவர்கள் எளிதில் உணர்வார்கள். ஆர்மோனியத்தில் கமகம் வராது. அதன் சுரங்கள் தனித்தனிப் படிகளாக நிற்பவை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்ல இயலாதவை. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை ஒதுக்கி வைத்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் இதுவே முக்கியமானது. சாக்பட்டிலும் விசைப்பலகைதான். ஆனால் விசையை அழுத்தமாகத் தொட்டால் ஒலி பெருகும். பக்கவாட்டில் நகர்த்தினால் சுரம் வளையும். இடக்கை விரல்கள் ஒலியின் நிறத்தை மாற்றிக்கொண்டேயிருக்கும். ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டுமே ஒலிக்கும். அந்த ஒரு சுரத்துக்குள் வீணைத் தந்தியை இழுப்பவருக்குள்ள சுதந்திரம் முழுவதும் இருந்தது.

1948 முதல் 1952 வரை இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் அணுக்கரு இயற்பியல் பயின்று திரும்பியவரை, 1954 முதல் மின்னணு இசையிலேயே முழுநேரம் ஈடுபட ஆராய்ச்சி மன்றம் அனுமதித்தது. அடுத்த ஆண்டு அவர் செய்த ஒலிநாடாக் கருவி, பல நாடாக்களின் வேகத்தை ஒரு விசைப்பலகையால் மாற்ற வல்லது. அதைக் கொண்டு உருவானதுதான் டிரிப்சடி. ஒரேயொரு நீர்த்துளி விழும் ஓசையைப் பதிவு செய்து, வேகத்தைக் கூட்டியும் குறைத்தும், நாடாத் துண்டுகளை ஒட்டியும் செய்த மிகச் சிறிய ஆக்கம் அது. மின்னணு இசை மாணவர்கள் இன்றும் அதைக் கேட்கிறார்கள்.

1959இல் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் கனடாவின் முதலாவது மின்னணு இசைக்கூடம் திறக்கப்பட்டபோது, லு கேனின் கருவிகளும் ஆலோசனையும் அதற்கு ஆதாரமாயின. 1964இல் மொன்றியலின் மக்கில் பல்கலைக்கழகக் கூடத்துக்கும் அவர் உதவினார். அதே ஆண்டில் ராபர்ட் மூக்கும் ரொறன்ரோ கூடத்துக்கு வந்து பார்த்துச் சென்றார்.

பிறகு நடந்தது வேறு. மூக்கின் கருவிகள் சந்தைக்கு வந்தன; உலகம் அவற்றை எடுத்துக்கொண்டது. சாக்பட்டை வணிகரீதியில் தயாரிக்க எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்த முயற்சி நிறைவேறவில்லை. 1970இல் வந்த புகழ்பெற்ற மினிமூக்கின் விசை, விளக்கின் சுவிட்ச் போன்றது. எவ்வளவு மென்மையாகத் தொட்டாலும், எவ்வளவு ஓங்கி அடித்தாலும் ஒரே ஒலிதான். சுரத்தை வளைக்கப் பக்கத்திலிருந்த சக்கரத்தைத் திருப்ப வேண்டும். தொடக்ககால சிந்த்-பாப்பில் நாம் கேட்கும் அந்த விறைப்பு, இயந்திரத்தன்மை, ஓரளவுக்கு இப்படிப்பட்ட விசைகளின் விளைவே. கலைஞர்கள் அதையே ஓர் அழகாக மாற்றிக்கொண்டார்கள் என்பது அவர்கள் திறமை.

ரொறன்ரோவிலிருந்து வந்து, அதிகம் பேசப்படாமல் போன சில இசைத்தட்டுகளை இந்தப் பின்னணியில் திரும்பக் கேட்கலாம். ஜான் மில்ஸ்-காக்கெல் மூக் சிந்தசைசரோடு நடத்திய சிரிங்ஸ் குழுவின் இரு இசைத்தட்டுகள் 1970லும் 1971லும் வெளிவந்தன. அவை 2016இல் மறுவெளியீடு கண்டன. மார்த்தா அண்ட் தி மஃபின்ஸ் குழுவை எக்கோ பீச் என்ற ஒரு பாடலுக்காகவே பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். டேனியல் லன்வா தயாரிப்பில் பங்கேற்ற அவர்களின் 1981ஆம் ஆண்டு திஸ் இஸ் தி ஐஸ் ஏஜ் அதைவிட ஆழமானது. அதே ஆண்டில் வந்தது நாஷ் தி ஸ்லாஷின் சில்ட்ரன் ஆஃப் தி நைட். முகம் முழுக்கக் கட்டுப்போட்டு மேடையேறிய இவர் 2014இல் காலமானார். டிரம் மெஷினின் விறைத்த தாளத்துக்கு மேல் அவர் வாசித்தது மின் வயலினும் மேண்டலினும். விசை தர மறுத்த நெளிவை அவர் தந்தியிடம் பெற்றார்.

லு கேனுக்கு மோட்டார் சைக்கிள் மீது தீராத விருப்பம். 1976இல் ஏற்பட்ட விபத்தில் படுகாயமடைந்து, 1977 ஜூலை 3ஆம் திகதி ஒட்டாவாவில் இறந்தார். அவர் வாழ்க்கையை கெயில் யங் 1989இல் நூலாக எழுதினார். அவருடைய ஆக்கங்களும் கருவி விளக்கங்களும் 1999இல் குறுந்தட்டாக வந்தன. விரல் ஒவ்வொன்றும் தன் சுரத்தைத் தனியே வளைக்கும் முறையை மின்னணுக் கருவிகளுக்கான மிடி தர அமைப்பு 2018இல்தான் ஏற்றுக்கொண்டது. சாக்பட் முடிந்து அப்போது எழுபது ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தக் கருவி ஒட்டாவாவின் அறிவியல் தொழில்நுட்ப அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கிறது.