நடக்க முடியாத சிறுமி ஓட்ட ராணியானார்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் கிளார்க்ஸ்வில் என்று ஒரு சிறிய ஊர். அங்கே ரெயில்வே போர்ட்டராக வேலை பார்த்தவர் எட் ருடால்ப். அவருடைய மனைவி பிளாஞ்ச், வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை செய்து வந்தார். இவர்களுடைய மகள்தான் வில்மா ருடால்ப். 1940-ம் ஆண்டு ஜூன் 23-ந் தேதி குறைமாதத்தில் பிறந்தார். தந்தையின் இரு தாரத்துப் பிள்ளைகள் 22 பேரில் இவர் 20-வது குழந்தை.

சிறு வயதிலேயே இளம்பிள்ளை வாதம் தாக்கி, இடது கால் செயலற்றுப் போயிற்று. கறுப்பினத்தவருக்கு உள்ளூரில் தகுந்த வைத்தியம் கிடையாது. 80 கிலோமீட்டர் தொலைவில் உள்ள நாஷ்வில் ஆஸ்பத்திரிக்கு வாரந்தோறும் தாய் மகளைப் பஸ்ஸில் அழைத்துப் போனார். கறுப்பினத்தவருக்கு என்று ஒதுக்கிய பின் வரிசையில்தான் பயணம். காலைப் பிடித்துவிடும் முறையை அங்கே கற்றுக்கொண்டு வந்தார். அண்ணன், அக்காள் எல்லாரும் முறை வைத்துத் தினம் நான்கு தடவை வில்மாவின் காலைப் பிடித்துவிட்டார்கள். இரும்புச் சட்டமும் விசேஷ பூட்சும் இல்லாமல் அவர் நடந்தபோது வயது 12 ஆகிவிட்டது.

பள்ளியில் கூடைப்பந்து ஆடிய வில்மாவின் வேகத்தைக் கண்டவர் டென்னசி மாநிலப் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் எட் டெம்பிள். அவரிடம் பயின்ற வில்மா, 16 வயதிலேயே 1956 மெல்போர்ன் ஒலிம்பிக் தொடர் ஓட்டத்தில் வெண்கலப் பதக்கம் பெற்றார்.

ரோமில் மூன்று தங்கம்

1960 ஜூலையில் 200 மீட்டரை 22.9 வினாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். அடுத்து ரோம் ஒலிம்பிக். 100 மீட்டரை 11.0 வினாடியில் ஓடித் தங்கம் வென்றார். பின்காற்று பலமாக இருந்ததால் அது சாதனைக் கணக்கில் சேரவில்லை. 200 மீட்டரிலும் தங்கம். தொடர் ஓட்ட இறுதியில் கோல் கைமாறும்போது தடுமாற்றம் ஏற்பட்டது. பின்தங்கிய வில்மா ஜெர்மன் வீராங்கனையைத் துரத்திப் பிடித்து முந்தினார். ஒரே ஒலிம்பிக் தடகளத்தில் மூன்று தங்கம் வென்ற முதல் அமெரிக்கப் பெண் அவர்தான்.

ஊர் வரவேற்பு

சொந்த ஊரில் ஊர்வலமும் விருந்தும் ஏற்பாடாயின. வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனி இடம் என்பது ஊர் வழக்கம். அப்படியானால் வரமாட்டேன் என்று வில்மா உறுதியாகச் சொல்லிவிட்டார். ஊர்ப் பெரியவர்கள் இணங்கினார்கள். கிளார்க்ஸ்வில் சரித்திரத்தில் இரு இனத்தவரும் ஒன்றாகக் கலந்துகொண்ட முதல் பொது விழா, 1960 அக்டோபர் 4-ந் தேதி நடந்த அந்த விழாதான்.

புகழின் உச்சியில் இருந்தபோதே, 1962-ல், ஓட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். 1963-ல் பட்டம் பெற்று ஆசிரியையானார். பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சியும் அளித்தார். மூளைப் புற்றுநோயால் 1994 நவம்பர் 12-ந் தேதி, 54-வது வயதில் காலமானார்.

பஸ்ஸில் பின் வரிசைக்கு ஒதுக்கப்பட்ட அந்தச் சிறுமியின் பெயரைத்தான், கிளார்க்ஸ்வில்லின் ஒரு பெரிய சாலை இன்று தாங்கி நிற்கிறது.