பேரேட்டில் சிக்கிய தாதா

துப்பறியும் அதிகாரி என்றதும், துப்பாக்கியும் கையுமாக ஓடுபவர்தான் உங்கள் கண்முன் வருவார், இல்லையா? ஆனால், அமெரிக்காவையே நடுங்க வைத்த ஒரு தாதாவை, கணக்குப் புத்தகத்தைப் புரட்டியே சிறைக்கு அனுப்பினார் ஒரு மத்திய அரசு அதிகாரி. அவர்தான் பிராங்க் வில்சன்.

1887-ம் ஆண்டு, அமெரிக்காவின் பஃபலோ நகரில் பிறந்தார் வில்சன். அவருடைய தந்தை போலீஸ்காரர். 1920-ல் வருமான வரித் துறையின் புலனாய்வுப் பிரிவில் வில்சன் சேர்ந்தார்.

அதே ஆண்டில்தான் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. சிகாகோ நகரில் அல் கபோன் என்பவன் திருட்டுத்தனமாக மது விற்றும், சூதாட்ட விடுதிகள் நடத்தியும் பணத்தைக் குவித்தான். எதிர்த்தவர்கள் கொல்லப்பட்டனர். உயிருக்குப் பயந்து யாரும் சாட்சி சொல்ல முன்வரவில்லை. போலீசார் திணறினர்.

தவறான வழியில் சம்பாதித்த பணத்துக்கும் வரி கட்ட வேண்டும் என்று 1927-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கபோன் வரி கட்டவில்லை. ஆனால், அவன் பெயரில் வங்கிக் கணக்குகூட இல்லை. பணம் அவனுக்குத்தான் போனது என்று எப்படி நிரூபிப்பது? அந்தப் பொறுப்பு வில்சனிடம் வந்தது.

கட்டுக்கட்டாகக் காகிதங்களை அவர் பொறுமையாக ஆராய்ந்தார். 1930-ல் ஓர் இரவு, பழைய அலமாரி ஒன்றில் சில பேரேடுகள் கிடைத்தன. 1926-ல் ஒரு சூதாட்ட விடுதியில் கைப்பற்றப்பட்டவை அவை. லாபத்தை யார் யாருக்குப் பிரித்தார்கள் என்ற விவரம் அவற்றில் இருந்தது!

எழுதியது யார்? வங்கிச் சீட்டுகள் உட்படப் பல கையெழுத்துகளை ஒப்பிட்டு, அந்த விடுதியின் காசாளரைக் கண்டுபிடித்தார். மியாமி நகரில் இருந்த அவருக்குப் பாதுகாப்பு கொடுத்து, சாட்சி சொல்லச் சம்மதிக்க வைத்தார்.

வில்சனைக் கொல்லக் கபோன் கூலிப்படையை ஏவினான். அவனது கூட்டத்துக்குள் மாறுவேடத்தில் இருந்த இன்னோர் அதிகாரி இதை அறிந்து எச்சரித்தார். வில்சன் தங்குமிடத்தை மாற்றினாரே தவிர, வேலையை நிறுத்தவில்லை. 1931 அக்டோபரில் கபோனுக்கு 11 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

1932-ல், புகழ்பெற்ற விமானி சார்லஸ் லிண்ட்பர்க்கின் குழந்தை கடத்தப்பட்டது. கடத்தியவனுக்குக் கொடுக்கும் நோட்டுகளின் எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று வில்சனும் அவரது மேலதிகாரியும் வற்புறுத்தினர். குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால், அந்த எண்களே 1934-ல் குற்றவாளியைக் காட்டிக்கொடுத்தன.

1936-ல், அமெரிக்க ரகசியப் பாதுகாப்புப் பிரிவின் தலைவரானார் வில்சன். கள்ள நோட்டை அடையாளம் காண்பது எப்படி என்று கடைக்காரர்களுக்கும் பள்ளி மாணவர்களுக்கும் சொல்லித்தர ஏற்பாடு செய்தார். 1970-ல் காலமானார்.

துப்பாக்கியால் முடியாததைப் பேனாவும் பொறுமையும் சாதித்தன. கணக்குப் பாடம் கசக்கிறது என்று இனி சொல்வீர்களா, செல்வங்களே?