விடுமுறையா, வேலையா? 1931-ல் தோட்டக் கூலியாகப் போன ஜார்ஜ் ஆர்வெல்!

ஆஸ்திரேலியாவின் ‘வொர்க் அண்ட் ஹாலிடே’ விசா இப்போது இந்தியர்களுக்கும் கிடைக்கிறது. வயது 18 முதல் 30 வரை. ஆண்டுக்கு 1,000 பேருக்கு வாய்ப்பு. தேர்வு குலுக்கல் முறையில். பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஊர் சுற்றலாம், கைச்செலவுக்கு பழத் தோட்டத்தில் வேலை பார்க்கலாம். கேட்கவே நல்லாத்தானே இருக்கு?

இதே மாதிரி அறுவடை வேலைக்கு 1931-லேயே ஒருவர் கிளம்பிப் போனார். எவ்வளவு பறித்தோம், எவ்வளவு கிடைத்தது, யார் எங்கே ஏமாற்றப்பட்டார்கள் என எல்லாவற்றையும் கணக்குப் போட்டு எழுதியும் வைத்தார். அவர்தான் ‘விலங்குப் பண்ணை’, ‘1984’ நாவல்களை எழுதிய ஜார்ஜ் ஆர்வெல்.

யார் இந்த ஆர்வெல்?

இயற்பெயர் எரிக் ஆர்தர் பிளேர். 1903 ஜூன் 25 அன்று பிறந்தார். பிறந்த ஊர் இன்றைய பீகாரில் இருக்கும் மோதிஹாரி. அப்பா ரிச்சர்ட் பிளேருக்கு பிரிட்டிஷ் அரசின் ஓபியம் துறையில் வேலை. குழந்தையாக இருக்கும்போதே அம்மா இவரை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றுவிட்டார்.

பணக்கார வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் ஈட்டன் பள்ளியில் உதவித்தொகையோடு படித்தார். கல்லூரிக்குப் போகவில்லை. 1922-ல் பர்மாவில் இம்பீரியல் போலீஸ் அதிகாரியாகச் சேர்ந்தார். ஐந்து வருஷம் காக்கிச் சட்டை. 1927-ல் லீவில் வீட்டுக்கு வந்தவர், வேலையையே ராஜினாமா செய்துவிட்டார். ஆளும் வர்க்கத்தின் கையாளாக இருந்துவிட்டோமே என்ற உறுத்தல் அவரை விடவில்லை. எழுத்தாளர் ஆகணும், அடித்தட்டில் இருப்பவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று நேரில் பார்க்கணும் என முடிவெடுத்தார்.

பாரிஸில் ஹோட்டலில் பாத்திரம் கழுவினார். லண்டனில் கிழிந்த கோட்டைப் போட்டுக்கொண்டு, வீடற்றவர்களோடு ஒருவராகச் சுற்றினார்.

கையில் 14 ஷில்லிங்

1931 ஆகஸ்ட் 25 இரவு, கையில் சுமார் 14 ஷில்லிங்குடன் லண்டனின் செல்சியிலிருந்து கிளம்பினார். மலிவு விடுதியில் தங்கினார். டிரஃபால்கர் சதுக்கத்தில் வெட்டவெளியில் படுத்தார். வழியில் பழகிய ஜிஞ்சர் என்ற பட்டப்பெயர் கொண்ட இளைஞரும் வேறு சிலரும் சேர்ந்துகொள்ள, கென்ட் மாவட்டத்தை நோக்கி நடை. வீடற்றவர்களுக்கான அரசு விடுதியில் ஓர் இரவு தங்கல். கடைசியில் மெய்ட்ஸ்டோன் அருகே மெரிவொர்த் கிராமத்தில் வேலை கிடைத்தது.

ஹாப் பறிக்கும் வேலை. ஹாப் என்பது உயரமாகப் படரும் ஒரு கொடி. அதில் காய் போலத் தொங்கும் பச்சை நிறப் பூங்கொத்துதான் பீருக்குக் கசப்பும் மணமும் கொடுக்கிறது. பழத்தோட்டங்களுக்குப் பெயர் போன கென்ட்டில், செப்டம்பர் வந்தால் ஹாப் சீசன். அதற்காகவே லண்டனின் கிழக்குப் பகுதியிலிருந்து ஏழைக் குடும்பங்கள் குழந்தை குட்டிகளோடு ரயிலேறி வரும். தள்ளுவண்டி வியாபாரிகள், ஜிப்ஸிகள், வேலையில்லாமல் அலைபவர்கள் என எல்லாரும் ஒரே தோட்டத்தில்.

தங்குவதற்குத் தகரக் கொட்டகை. படுக்க வைக்கோல். கொடியின் சுணை கையைக் கிழிக்கும், சாறு பட்டு விரல்கள் கறுத்துப் போகும். அந்தக் கறை சோப்புக்குப் போகாது.

ஆர்வெலின் ஆங்கிலம் படித்தவர்களின் ஆங்கிலம். மற்றவர்களுக்கு அது தெரிந்தும் யாரும் கிண்டல் செய்யவில்லை. நல்லா வாழ்ந்து கெட்டவர் போல என்று நினைத்து, இன்னும் பரிவாக நடந்துகொண்டார்கள்.

கணக்கு எங்கே இடித்தது?

சம்பளம் பீஸ் ரேட். 6 புஷல் பறித்தால் 1 ஷில்லிங். புஷல் என்பது நம்மூர் மரக்கால் மாதிரி ஓர் அளவு, சுமார் 36 லிட்டர். நல்ல கொடியில் அரை புஷல் தேறும். கைதேர்ந்தவர் ஒரு கொடியைப் பத்து நிமிடத்தில் உருவிவிடுவார். அப்படிப் பார்த்தால் 60 மணி நேரம் உழைத்தால் வாரத்துக்கு 30 ஷில்லிங்.

இதெல்லாம் காகிதத்தில் மட்டும்தான். ஆர்வெலுக்கும் ஜிஞ்சருக்கும் கிடைத்தது வாரத்துக்கு ஆளுக்குச் சுமார் 9 ஷில்லிங்!

ஏன் இந்த வித்தியாசம்? காரணங்களை ஆர்வெல் ஒவ்வொன்றாக எழுதினார்.

முதலாவது, விளைச்சல். ஒரு கொடியில் ஹாப் பெரிசு பெரிசாக இருக்கும், அடுத்ததில் சுண்டைக்காய் சைஸில் இருக்கும். பறிக்க ஆகும் நேரம் ஒன்றுதான், கூடை நிரம்புவது வேறு. மழை பெய்து வேலை நின்றால் அந்த நேரத்துக்குக் காசு கிடையாது.

இரண்டாவது, அளவு. ஹாப் பஞ்சு மாதிரி. அளப்பவர் லேசாகக் கொட்டினால் ஒரு கணக்கு, அமுக்கி அளந்தால் வேறு கணக்கு. அளக்கும் கை முதலாளியின் ஆள் கை.

மூன்றாவது, விதிமுறை. வேலையில் சேரும்போதே அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுப்பார்கள். அதன்படி எந்தக் காரணத்துக்காகவும் ஆளை உடனே அனுப்பிவிடலாம். அப்படி அனுப்பினால் 6 புஷலுக்குப் பதில் 8 புஷலுக்கு 1 ஷில்லிங் என்று கணக்கு முடிப்பார்கள். அதாவது உழைத்ததில் கால் பங்கு போச்சு. சீசன் முடியும் முன் நீங்களாகவே கிளம்பினாலும் அதே வெட்டுதான்.

நான்காவது, அட்வான்ஸ். சம்பாதித்ததில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் முன்கூட்டித் தர மாட்டார்கள். மீதிப் பணம் கடைசி நாள் வரை தோட்டத்தின் கையிலேயே இருக்கும். பிடிக்கவில்லை என்றாலும் நகர முடியாது. குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்ற சட்டத்தையும் அங்கே யாரும் கண்டுகொள்ளவில்லை.

அப்புறம் ஏன் வந்தார்கள்?

ஆர்வெல் கண்டுபிடித்த முக்கியமான விஷயம் இதுதான். லண்டன் குடும்பங்கள் இதைச் சம்பளத்துக்கான வேலையாகவே பார்க்கவில்லை. புகையும் நெரிசலுமான தெருக்களிலிருந்து வருஷத்தில் கிடைக்கும் ஒரே விடுதலை, குழந்தைகளுக்கு நல்ல காற்று, இரவில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து அரட்டை. கையில் ஒன்றும் மிஞ்சவில்லை என்று தெரிந்தும் அடுத்த வருஷமும் வந்தார்கள். முடிந்தபோது அப்பாடா என்றவர்கள், பிறகு அதைச் சந்தோஷமாக நினைத்துப் பார்த்தார்கள். ஆர்வெலுக்கும் அப்படித்தான் இருந்தது.

அந்தச் சந்தோஷம் உண்மை. ஆனால், அதை வைத்துத்தான் கூலியைக் குறைவாகவே வைத்திருக்க முடிந்தது என்பதையும் அவர் பார்த்தார்.

அதன் பிறகு...

செப்டம்பர் 19-ல் வேலை முடிந்து லண்டன் திரும்பினார். இந்த அனுபவம் 1931 அக்டோபரில் ‘நியூ ஸ்டேட்ஸ்மன் அண்ட் நேஷன்’ இதழில் கட்டுரையாக வந்தது. அப்போது அவர் எரிக் பிளேர்தான். 1933-ல் வெளியான ‘டவுன் அண்ட் அவுட் இன் பாரிஸ் அண்ட் லண்டன்’ புத்தகத்தில்தான் ஜார்ஜ் ஆர்வெல் என்ற பெயர் முதன்முதலில் வந்தது. 1935-ல் வெளியான ‘எ கிளர்ஜிமன்ஸ் டாட்டர்’ நாவலிலும் இந்த ஹாப் தோட்டம் வருகிறது.

பிறகு ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் சண்டையிட்டு, 1937-ல் தொண்டையில் குண்டடி பட்டார். இரண்டாம் உலகப் போரின்போது பிபிசியில் இந்தியாவுக்கான ஒலிபரப்பில் வேலை பார்த்தார். 1945-ல் ‘விலங்குப் பண்ணை’, 1949-ல் ‘1984’. காசநோயால் 1950 ஜனவரி 21 அன்று இறந்தபோது வயது 46 மட்டுமே. கல்லறையில் இருப்பது எரிக் ஆர்தர் பிளேர் என்ற பெயர்தான்.

கென்ட்டில் 1950, 60-களில் பறிக்கும் இயந்திரங்கள் வந்தன. லண்டன் குடும்பங்களின் ஹாப் பயணமும் முடிவுக்கு வந்தது.

இன்று நாம் என்ன கேட்க வேண்டும்?

சட்டங்கள் மாறியிருக்கின்றன. ஆஸ்திரேலியத் தோட்டங்களில் பீஸ் ரேட்டில் வேலை பார்த்தாலும், மணி நேரத்துக்கான குறைந்தபட்ச ஊதியத்தை உறுதி செய்யும் விதி 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதே நேரம், இரண்டாவது முறை இந்த விசா வேண்டுமென்றால் குறிப்பிட்ட பகுதிகளில் மூன்று மாதம் குறிப்பிட்ட வகை வேலை பார்த்திருக்க வேண்டும். தோட்ட வேலையும் அதில் ஒன்று. அந்த நாள்களைக் கணக்குக் காட்டியாக வேண்டியவருக்கு, பாதியில் கிளம்புவது இன்றும் லேசில்லை.

எனவே கிளம்பும் முன், ஆர்வெல் கவனித்த நான்கு விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். ரேட் என்ன, மழை நாளில் காசு உண்டா? அளப்பது யார்? பணம் எப்போது கைக்கு வரும்? பாதியில் விலகினால் என்ன பிடிப்பார்கள்? பதில் எழுத்தில் வந்தால் தைரியமாகப் பையைக் கட்டலாம். ஊர் சுற்றுவது உங்கள் விடுமுறை, பறிப்பது உங்கள் வேலை. வேலைக்கு முழுக் கூலி வாங்கத் தயங்காதீர்கள்!