வர்க்கமூலத்தில் ஒளிர்ந்த மேதை

1887 டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் கணித மேதை சீனிவாச இராமானுஜன்; துணிக்கடைக் கணக்கர் ஒருவரின் மைந்தர். கணிதத்திலேயே உள்ளம் தோய்ந்தமையால் ஏனைய பாடங்களில் தவறிக் கல்லூரி உதவிப்பணத்தை இழந்தார். எஃப்.ஏ. தேர்விலும் தேறினாரல்லர்.

1911இல் இந்தியக் கணிதக் கழகச் சஞ்சிகையில் அவர் ஒரு வினா விடுத்தார். வர்க்கமூலத்துள் வர்க்கமூலமாக முடிவின்றிச் செல்லும் கோவையொன்றின் பெறுமானம் யாது என்பதே அது. திங்கள் பல கழிந்தும் எவரும் விடை பகரவில்லை. விடை 3 என அவரே விளக்கினார். அதன் அடிப்படை நம் சிறுவரும் அறியத்தக்கதே. 3இன் வர்க்கம் 9. அது 2ஐ 4ஆல் பெருக்கி 1 கூட்டியது. 4இன் வர்க்கம் 16. அது 3ஐ 5ஆல் பெருக்கி 1 கூட்டியது. ஆகவே 3ஐ வர்க்கமூலமாக எழுதி, அதனுள் வரும் 4ஐயும், பின்னர் 5ஐயும் அவ்வண்ணமே விரித்துச் சென்றால் அக்கோவை பிறக்கும்.

1912இல் சென்னைத் துறைமுகத்தில் எழுதுவினைஞராய் அமர்ந்த அவர், 1914இல் கேம்பிரிட்ஜ் சென்றார். 1918இல் இலண்டன் இராயல் கழக உறுப்பினரானார். 1920 ஏப்ரல் 26இல், 32ஆம் வயதில் மறைந்தார்.

மலைநாட்டுத் தோட்ட லயங்களிலிருந்து பனியில் நடந்து வரும் நம் பிள்ளைகளுள் ஒருவன் ஒரு பாடத்தில் தவறினால், அவன் பெயரை இடாப்பிலிருந்து நீக்குமுன் ஆசிரியராகிய நாம் இராமானுஜனை நினைப்போமாக.