மடகாஸ்கர் விலங்கும் பியேர் சொன்னெராவும்

பிரெஞ்சு தேசத்து லியோன் நகரில் 1748-ஆம் ஆண்டிற் பிறந்த பியேர் சொன்னெரா என்பவரைப் புதுச்சேரிச் சரித்திரம் கற்றோர் யாவரும் அறிவர். நம்மவருடைய கோயில்களையும் கைத்தொழில்களையும் ஒழுக்கங்களையும் படங்களுடன் ஐரோப்பியர்க்கு விளக்கிய இவரது பிரயாண நூல் 1782-இல் வெளிவந்தது. ஆயினும் இவர் வார்த்தையை எவ்வளவு நம்பலாம் என்னும் ஐயம் இவரை விட்டபாடில்லை. அதற்கு வித்திட்டவரும் இவரே.

1768-இல் மோரீசுத் தீவை அடைந்த சொன்னெரா, அங்கு அதிகாரியாயிருந்த பியேர் புவாவ்ருக்குக் காரியதரிசியானார். சாதிக்காய், கிராம்புக் கன்றுகளைக் கொணரும் பொருட்டு 1771-இல் கிழக்கே சென்ற கப்பலில் இவரும் ஏறினார். மலுக்குத் தீவுகளைச் சார்ந்த கேபே வரையிலுமே சென்று மீண்டவர், 1776-இல் வெளியிட்ட நூலுக்கு நியூகினிப் பிரயாணம் என்று பெயரிட்டார். தென்கடற் பெங்குவின்களும், ஆஸ்திரேலியாவுக்குரிய சிரிக்கும் மீன்கொத்தியும் நியூகினியில் வாழ்வனவாக அதில் எழுதினார். அவை பிறர் தந்த தோல்களாயிருத்தல் வேண்டும். அந்த மீன்கொத்தியின் லத்தீன் நாமத்தில் நியூகினி என்னும் பிழை இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கற்றவர் செய்யத்தக்க காரியமன்று.

இனி மடகாஸ்கரைக் காண்போம். ஏறக்குறைய 9 கோடி வருஷங்களுக்கு முன் நம் இந்திய நிலத்தினின்று பிரிந்து தனித்த அப்பெருந்தீவில், உலகில் வேறெங்குமில்லாத லெமூர் இனங்கள் வாழ்கின்றன. அவற்றுள் இந்திரி என்னும் வாலற்றதுபோன்ற பெரிய லெமூரையும், ஐ-ஐ என்னும் விசித்திரப் பிராணியையும் ஐரோப்பிய சாஸ்திரிகட்கு முதன்முதல் அறிவித்தவர் சொன்னெராவே. மேற்குக் கரையிற் பிடித்த அப்பிராணியைக் கீழ்க்கரையாரிடம் காட்டியபோது, அதனை முன் கண்டறியாத அவர்கள், நம்மவர் ஐயையோ என்பதுபோல் வியந்து கூவினராம். அக்கூவலே பெயராயிற்று.

ஆணும் பெண்ணுமாக இரண்டை வைத்துச் சோறூட்டி வளர்த்தார். அவை குச்சிபோன்ற மெல்விரலால், சீனர் கோல்கொண்டு உண்பதுபோற் சோற்றை எடுத்துண்டன. இரண்டு மாதத்தில் இறந்தன. அவ்விரலால் அது மரத்தைத் தட்டி, ஒலியால் உட்புழுவை உணர்ந்து, பல்லால் துளையிட்டுத் தோண்டியெடுக்கும் என்பது பின்னர் விளங்கிற்று.

ஓயாது வளரும் அதன் முன்பற்களைக் கண்டு, க்மெலின் என்பார் 1788-இல் அதனை அணில்களோடு சேர்த்தார். சொன்னெராவோ, அணிலை ஒத்திருப்பினும் லெமூரின் சாயலும் குரங்கின் சாயலும் உண்டென முன்னரே எழுதியிருந்தார். 1863-இல் ரிச்சர்ட் ஓவென் என்னும் ஆங்கிலப் பண்டிதர் எலும்பும் பல்லும் ஆராய்ந்து அதனைக் குரங்கினத்தைச் சார்ந்ததென்றே நாட்டினார். தம் கையாற் சோறிட்டு வளர்த்த பிராணியைப்பற்றிச் சொன்னெரா பிழைபடவில்லை.

வில்லியனூரும் பாகூரும் புதுச்சேரியைச் சேர்ந்தவையென உடன்படிக்கையாகிய 1783-க்குச் சில ஆண்டுகள் கழித்து, இவர் மீண்டும் இங்கு வந்தார். 1790-இல் ஏனாம் தலைவரானார். 1793-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தனர். அதுமுதல் 20 ஆண்டுகள் கைதியாயிருந்து, 1813-இல் விடுதலைபெற்று, மறுவருஷம் பாரிசில் உயிர்துறந்தார். விடுதலையான அவ்வாண்டிலேயே தெம்மிங்க் என்னும் பறவை நூலார், நம் மலைக்காடுகளிற் கூவும் சாம்பற் காட்டுக்கோழிக்குச் சொன்னெராவின் பெயரைச் சூட்டினார்.